ஓடிப்போனவளின் மகன்

தையல்காரியின் அப்பா முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பித்தளைக் கைப்பிடியைத் திருகித் திருகி ஊரையே ஏற்றி இறக்கியவர். "உங்கப்பா மாதிரி உயர்ந்த மனுஷனை நான் பார்த்ததே இல்ல. ஒரு நாளைக்கு நூறு தடவை உயர்ந்தாரு" என்று அவளுடைய புருஷன் கேலி செய்வான். மாமனாரும் பொக்கை வாயால் சிரித்துக்கொள்வார். அவ்வளவு ஏறி இறங்கியும் அந்த மனிதர் எங்கேயும் போனதில்லை. வெளியூர் என்றாலே அவருக்கு ஆகாது. தான் போவதும் ஆகாது, வீட்டில் வேறு யாரும் போவதும் ஆகாது.

வீட்டு ஆள் ஒருவர் திரும்பி வரக் கொஞ்சம் நேரமானால் போதும், வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடப்பார். மனைவி கடைக்குப் போய் யாருடனாவது பேசிக்கொண்டு நின்றுவிட்டால், அவள் வரும்வரை சோற்றைத் தொடமாட்டார். வந்த பிறகு ஒரு வார்த்தை திட்டவும் மாட்டார். "வந்துட்டியா" என்பார், போய்ச் சாப்பிட உட்காருவார். அந்த அம்மாள் நோயில் படுத்து, எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அழுது ஓய்ந்த பிறகு அவர் சொன்னது இதுதான்: "இவளாவது சொல்லிட்டுப் போனா."

சொல்லாமல் போனவள் யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, காலையில் நூல் ஆலைக்கு வேலைக்குப் போன அவருடைய அம்மா திரும்பி வரவில்லை. விசாரித்தால், மத்தியானமே அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். புருஷனுக்கு அந்த லீவு பற்றி ஒன்றும் தெரியாது. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் போலீஸுக்குப் போனார், ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்தவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்று கையை விரித்துவிட்டான். அதே வாரம் ஆலையில் ஒரு மிஸ்திரி கணக்கை முடித்துக்கொண்டு ஊரை விட்டே போயிருந்தான். ஊருக்கு அது போதாதா? கண், காது, மூக்கு எல்லாம் வைத்துக் கதையை முடித்துவிட்டார்கள். அவள் ஓடுகாலி ஆனாள். அவளுடைய நாலு அண்ணன்மாரும் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் ஓடுகாலி மகன் ஆனான். தகராறு என்று வந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை, அந்த ஒரு வார்த்தை எல்லோர் நுனி நாக்கிலும் தயாராக இருந்தது.

தையல்காரிக்கு அந்தப் பொம்பளை மேல் தன் பங்குக்கும் ஒரு கோபம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அவளுக்கு வெளிநாட்டுத் துணிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. டிக்கெட் வரை வந்தாயிற்று. அப்பா போகாதே என்று சொல்லவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் அவள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில், அடுத்தவர்கள் தைத்த துணியைப் பிரித்துத் தைத்துக்கொடுக்கிறாள். இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக்கொடுப்பாள். "அந்தம்மா போன போக்குல என் காலையும் சேர்த்துக் கட்டிட்டுப் போயிட்டா" என்று புருஷனிடம் சொல்லுவாள். பாட்டி என்று சொல்ல வாய் வராது. காணாமல் போனபோது அந்தப் பாட்டிக்கு இருபத்து நாலு வயது. தையல்காரியின் மகளைவிடச் சின்னவள்.

போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பரிசோதித்த டாக்டர் இதயத்தைப் பற்றி வேறு மாதிரி சொன்னார். ரொம்ப நாள் ஓடாது, மனசுக்குப் பிடித்த மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். படிவம் நிரப்ப வந்த நர்ஸ் தாயார் பெயர் என்ன என்று கேட்டாள். "அங்க கோடு போடும்மா" என்றார் அப்பா. அன்றைக்கே காய்ச்சல் ஏறியது. கொதிக்கிற கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், "ஏன் போனே?" என்று கேட்டார். மகள் என்று நினைத்துக் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். குரல்கூட எண்பதை நெருங்குகிறவர் குரலாக இல்லை.

அவளுக்கு அது தாங்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். எவனோடோ போயிருந்தால் போயிருக்கட்டும். அடி உதை தாங்காமல் போனாளா, பசி தாங்காமல் போனாளா, ஆசைப்பட்டுப் போனாளா, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு மனிதர் சாவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார், அதற்கு ஒரு பதிலாவது அவர் காதில் விழ வேண்டாமா? அவருக்குத் தெரியாமல்தான் ஆரம்பித்தாள். தேடுகிறாள் என்று தெரிந்தால் அதற்கும் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்.

நகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய பதிவேடுகளின் அறை இருந்தது. வாரத்தில் ஒரு நாள் கடையை மூடிவிட்டு அங்கே போனாள். அறையில் ஜன்னல் கிடையாது. குழல்விளக்குகளில் ஒன்று எப்போதும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அலமாரிகளின் மூலையெல்லாம் பூச்சி மருந்து உருண்டை வாடை. அறையைக் கட்டி ஆள்கிற அம்மாள் பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஏற்றினாலும் அலமாரி குறைவதாக இல்லை. வாய்த்துடுக்கு ஜாஸ்தி, மனசு தங்கம்.

முதல் நாள் தையல்காரியைப் பார்த்ததும், "சொத்துத் தகராறா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம். எங்கப்பாவோட அம்மாவைத் தேடறேன்."

"அப்பாடா. சொத்துக்கு வர்றவங்கதான் என் உசிரை எடுப்பாங்க. ஆளைத் தேடி வர்றவங்க அழுதுட்டுப் போயிடுவாங்க. உட்காருங்க."

முதலில் கல்யாணப் பதிவு கிடைத்தது. அதில் அவளுடைய முழுப் பெயர் இருந்தது, சாமி பெயரும் பூப் பெயருமாகச் சேர்த்து, ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளத்தில் ஒரு பெயர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அதையே ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து, கடைசி இரண்டு எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி எழுதியிருந்தாள். அந்தக் கீழே இறங்கிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் தையல்காரிக்கு அவள் ஓர் ஆள் என்று முதல் தடவையாகத் தோன்றியது. அதுவரை அவள் ஒரு வசவு மட்டும்தான். பிறகு பிறந்த வீட்டுக் குடும்பப் பதிவு கிடைத்தது. நாலு ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு கடைசியாகப் பிறந்தவள். மூடிப்போன ஆலையிலிருந்து அங்கே வந்துசேர்ந்திருந்த பழைய வருகைப் பதிவில் கடைசி நாளில் அரை நாள் லீவு என்று இருந்தது. எதற்கு என்று இல்லை. இன்று வரை தெரியவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் காணோம். மற்ற ஊர்களின் கல்யாணப் பதிவுகள், வாக்காளர் பட்டியல்கள், கப்பலேறியவர்களின் பட்டியல்கள் என்று பார்க்காதது இல்லை. கிடைத்த பெயர்களெல்லாம் வயது பொருந்தாமலோ, புருஷன் பொருந்தாமலோ நழுவிக்கொண்டே போயின. சரி, அந்த மிஸ்திரியைப் பிடிப்போம் என்று அவனைத் துரத்தினாள். அவன் சுலபமாகக் கிடைத்தான். இரண்டு ஊர் தள்ளி வேறோர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்த வருஷம் தன் அத்தை மகளையே கட்டிக்கொண்டு, ஏழு பிள்ளை பெற்று, கௌரவமாகச் செத்திருந்தான். அவனுடைய பேத்தியிடம் போனில் பேசினாள். தாத்தாவுக்கு ஒரு பக்கத்துக் காது கேட்காது, எந்திரச் சத்தத்தில் போனது, சம்பளம் கூட என்பதால் ஊர் மாறினார் என்றாள் அந்தப் பெண். "பொம்பளைங்களைக் கண்டா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாருங்க. எங்க பாட்டி அதுக்கே திட்டும்."

போனை வைத்துவிட்டுத் தையல்காரி, தாளில் மிஸ்திரி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டாள். அவனோடு போகவில்லை. அப்படியானால் எங்கேதான் போனாள்?

"ஓடிப் போனவங்களும் ஒரு நாள் செத்துத்தானே ஆகணும்? சாவுப் புத்தகத்தைப் பாருங்க" என்றாள் பதிவறை அம்மாள். பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துசேர்ந்த பெண்களின் புத்தகங்கள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. அவள் காணாமல் போன வருஷத்திலிருந்து வரிசையாக, விரலில் தூசி அப்ப அப்ப, அந்த நீளப் பெயரைத் தேடினாள். இல்லை.

ஒரு நாள் முற்பகலில், பதிவறை அம்மாள் வழக்கம்போல் வீட்டுக்குப் போன் செய்தாள். "பாப்பா எழுந்துட்டாளா? மாத்திரை போட்டாளா? சக்கரை எவ்வளவு காட்டுது? அவ்வளவா! கண்டதையும் எடுத்துத் தின்னுருப்பா, டப்பாவைத் தூக்கி மேல வைங்க."

தையல்காரிக்குப் பாவமாக இருந்தது. "சின்னக் குழந்தைக்கா மேடம் சக்கரை?"

"குழந்தையா?" அந்த அம்மாளுக்குச் சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. "என் நாத்தனாருங்க. அம்பத்தெட்டு வயசு. வீட்டுல கடைக்குட்டி, அதனால பாப்பா. பல்லு விழுந்தாலும் பாப்பாதான், பாடையில போனாலும் பாப்பாதான்."

"அவங்க நிஜப் பேரு என்ன?"

"அவ பேரு..." பதிவறை அம்மாள் வாயைத் திறந்தபடி யோசித்தாள். "ஐயையோ, கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்தாங்களே. இருங்க, நாக்குல நிக்குது..."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இருந்தாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு அண்ணன்மாருக்குப் பிறகு கடைசியாகப் பிறந்தவள் என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்த துண்டுத்தாள் பைக்குள் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள். புருஷன் எடுத்தான்.

"அப்பாகிட்ட ஒண்ணு கேளுங்க. அவங்கம்மாவை வீட்டுல எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்கன்னு."

"அடியே, நான் மின்சாரத்துல கை வைப்பேன், அதுல கை வைக்கமாட்டேன்" என்றான். அவன் எலக்ட்ரீஷியன்.

"எப்படியாவது கேளுங்க. அவசரம்."

ரொம்ப நேரம் போனில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் குரலில் கேலி இல்லை. "முதல்ல சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாரு. நானும் நகரல. அப்புறம் தானாவே சொன்னாரு. மாமாங்க வந்தா, 'பாப்பா எங்கேடா?'ன்னு கேட்டுக்கிட்டே வருவாங்களாம். இவரு சின்னப் பிள்ளை, தன்னைத்தான் தேடறாங்கன்னு நெனச்சுக்கிட்டு, 'இங்க இருக்கேன்'னு ஓடுவாராம். எல்லாரும் சிரிப்பாங்களாம். அவங்கம்மாவும் சிரிப்பாங்களாம்."

"அவரோட அப்பா எப்படிக் கூப்பிடுவாராம்?"

"அதையும் கேட்டேன். 'இந்தாம்மா', 'இங்க பாரு', அவ்வளவுதானாம். இதுக்கு மேல எந்தப் புருஷன் கூப்பிடறான்?"

அதுதான் விஷயம். கட்டிக்கொண்டவர் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் போய் நின்றபோது, நாலு பேர் எதிரில் மரியாதையாக, பதிவிலிருந்த முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அண்ணன்மார் கூப்பிடுகிற செல்லப் பெயர் அவர் வாயில் எப்படி வரும்?

தையல்காரி குழந்தைகளின் சாவுப் புத்தகத்தைக் கேட்டாள்.

"அது எதுக்கு உங்களுக்கு?" என்றாள் பதிவறை அம்மாள். தையல்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் புத்தகத்தை யாரும் படிக்க வேண்டாம். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குழந்தைகள் பக்கம் பக்கமாக இருந்தார்கள். ஆண் பாப்பா, வயது இரண்டு நாள். பெண் பாப்பா, ஒரு நாள். பாப்பா. பாப்பா. பாப்பா. ஒவ்வொன்றின் எதிரிலும் யாரோ ஓர் அப்பனின் கையெழுத்து, அல்லது கைநாட்டு. தேடுகிற தேதி வந்தபோது தையல்காரியின் விரல் தானாக நின்றது.

பாப்பா. பெண். வயது என்ற இடம் காலி. பெற்றோர் தெரியவில்லை. பஸ் மோதித் தலையில் அடி. கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு பழக்கடைக்காரர். பெயர் சொன்னவர் என்ற இடத்தில், 'தானே' என்று எழுதியிருந்தது. உடைமைகள்: தூக்குப் பாத்திரம் ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, கைப்பை ஒன்று. மறுநாள் மாலையில் இறந்தது. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. பொது இடுகாடு, குழந்தைகள் வரிசை.

பதிவறை அம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "பச்சைக் குழந்தைக்கு எதுக்குத் தூக்குப் பாத்திரம்?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வார்டுல சீட்டு எழுதி அனுப்புவாங்க. அதைப் பார்த்துப் பெரிய புத்தகத்துல ஏத்தறவன் வேற ஆள். வயசு இல்ல, பேரு பாப்பான்னு இருக்கு. குழந்தைங்க புத்தகத்தை இழுத்து அதுல எழுதிப் போட்டுட்டான். தானே பேர் சொல்லிச்சுன்னு எழுதும்போதுகூட நாசமாப் போறவனுக்கு உறைக்கல. ஜன்னல்ல வந்து பொம்பளைப் பேரைச் சொல்லிக் கேட்டா, பொம்பளைங்க புத்தகத்தைத்தானே பார்த்திருப்பான்?"

"உங்க பேர் என்ன?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். மண்டை பிளந்து கிடக்கிறவளுக்கு, பதிவில் இருக்கிற நீளப் பெயர் நினைவுக்கு வரவில்லை. பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் வந்திருக்கிறது. தையல்காரி அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். பாவி, பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். எத்தனை வருஷம் இவளை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறாள். பதிவறை அம்மாள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, நகல் எடுத்துக்கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

ஆனால் வீடு திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, உண்மையைச் சொன்னால், தையல்காரிக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். ஓடவில்லை! அந்த மனிதரை விட்டுவிட்டு யாரும் ஓடவில்லை! வேலைக்குப் போன அம்மா வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில் அடிபட்டுச் செத்துப் போனாள், எல்லா வீட்டிலும் நடக்கிற மாதிரிதான். ஊர் வாயில் விழுந்து எழுபது வருஷத்துக்கு மேல் நாறிக்கிடந்த பெயரை அவள் மீட்டுக்கொண்டு போகிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடச் சொல்லிவிடலாம் போல் வாய் துறுதுறுத்தது. கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கொண்டு போகிறவள் மாதிரி நகலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்றார். புருஷன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டான்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேளுங்க. நான் உங்கம்மாவைத் தேடினேன்."

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அவங்க ஓடிப் போகலப்பா."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ்திரிக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை, பஸ் மோதியதை, பழக்கடைக்காரர் தூக்கிக்கொண்டு ஓடியதை, பெயர் கேட்டவர்களுக்கு என்ன சொன்னாள் என்பதை, அது எந்தப் புத்தகத்தில் ஏறியது என்பதை. "உங்கப்பா ஜன்னல்ல நின்னு கேட்டப்போ, அந்தப் புத்தகம் அங்கேயேதான் இருந்திருக்குப்பா. உங்களை விட்டுட்டு அவங்க எங்கேயும் போகல. வரத்தான் பார்த்திருக்காங்க." நகலைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் நகலைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வருமென்று காத்திருந்தாள். எத்தனை வருஷத்துப் பாரம், இறங்கினால் முகத்தில் தெரியாமலா போகும்?

"அப்ப, அவ செத்துட்டாளா?" என்றார்.

தையல்காரிக்கு முதலில் புரியவில்லை. "அது அப்பவே, நீங்க சின்னப் பிள்ளையா..."

"செத்துட்டாளா?"

"ஆமாப்பா."

அவர் தலையை ஆட்டினார், சரி சரி என்பதுபோல. பிறகு ஜன்னலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "லிஃப்ட் வேலையில சேர்ந்தப்போ, அவளுக்கு நாப்பத்தாறு வயசு இருக்கும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். அந்த வயசுல யாராவது ஏறினா முகத்தைப் பார்ப்பேன். கண்ணாடியில பார்ப்பேன், அவங்களுக்குத் தெரியாம. அப்புறம் அம்பது, அம்பத்தஞ்சுன்னு பார்த்தேன். நரைச்ச தலையாத் தேடினேன். பெரிய கடை, டாக்டருங்க, வக்கீலுங்க எல்லாம் அந்தக் கட்டடத்துலதானே. எந்த ஊர்ல இருந்தாலும் ஒரு நாள் எதுக்காவது வந்து ஏறித்தானே ஆகணும்? மேனேஜர் என்னை உட்கார்ந்து எழுதற வேலைக்கு மாத்தறேன்னாரு. நான் போகல."

இது எதுவும் தையல்காரிக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

"பக்கத்துல பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா, எனக்குத் தம்பி தங்கச்சியா இருக்குமோன்னு பார்ப்பேன். திட்டணும்னுதான் இருந்தேன். என்ன திட்டணும்னு எல்லாம் வச்சிருந்தேன். ஆனா நல்லா இருக்கான்னு நெனச்சேன். எங்கேயோ ஒரு வீட்டுல, வேளாவேளைக்குச் சாப்பிட்டுட்டு... இப்போ தொண்ணூத்தேழு ஆகுது அவளுக்கு. தொண்ணூத்தேழு வரைக்கும் இருக்கறவங்களும் இருக்காங்களே."

"அப்பா..."

"மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தாளா?"

"ஆமா."

"கூட யாரு இருந்தா?"

பதிவில் அதற்கு இடமே கிடையாது. "நர்ஸம்மா ஒருத்தங்க பக்கத்துலயே இருந்தாங்களாம்" என்று தையல்காரி சொன்னாள்.

அவர் அவளை நம்பினாரோ என்னவோ. மடியில் இருந்த நகலைக் கையில் எடுத்து, படிக்காமல், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "ஓடியே போயிருக்கக் கூடாதா?" என்றார். "எவன்கூடவாவது போய் எங்கேயாவது நல்லா இருந்திருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேனே." அப்புறம் அவர் வாய் கோணிக்கொண்டது. "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. அது ஆறு வயதுப் பையனின் சத்தம், எண்பதை நெருங்குகிற நெஞ்சுக்கூட்டிலிருந்து வந்தது. நிறுத்த முடியவில்லை. தையல்காரி அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் உடம்பு குலுங்கிய குலுங்கலில் கட்டில் சுவரில் இடித்தது. அவள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது நல்ல செய்தி இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இழவுச் செய்தியை ஒரு பிள்ளையிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

கதவை யாரோ தட்டினார்கள். மாடி வீட்டு டீச்சர், அழுகைச் சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்தாள். கட்டிலில் பெரியவர் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிம்மதியானாள், உடனே குழம்பியும் போனாள். எலக்ட்ரீஷியன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?" என்று டீச்சர் தணிந்த குரலில் கேட்டாள்.

தையல்காரி அப்பாவின் தலையை விடாமல் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவோட அம்மா தவறிட்டாங்க டீச்சர்."

"இவரோட அம்மாவா? அவங்க இத்தனை நாள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க" என்றாள் தையல்காரி. "இன்னிக்குக் காலைல வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க."